எலி கடித்த காசு

வாசகர் கேள்வி, காசாளர் பதில்
(பதில் எழுதுபவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்)

போன இதழில் காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து காசைப் பற்றி எழுதியபோது, "ஓரத்தில் எலி கடித்ததுபோல் பிறை விழுந்த காசு கைக்கு வந்தால் உடனே செலவழித்துவிடாதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த வரிதான் வினை. இந்த மாதம் ஆசிரியர் அனுப்பிவைத்த கடிதப் பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. நான்கு பேர் காசையே உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஓர் உறை வழியில் கிழிந்து, காசு போன இடம் தெரியாமல், அதன் வட்டத் தடம் மட்டும் தாளில் பதிந்து வந்து சேர்ந்தது. தயவுசெய்து காசை அனுப்பாதீர்கள். படமும் கேள்வியும் போதும். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை கடிபட்ட காசுகளுக்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: பஸ் நடத்துநர் கொடுத்த சில்லறையில் 1998-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் வந்தது. ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. நகைக்கடைத் தராசில் 4.52 கிராம் காட்டியது. இது நாணயச்சாலையில் நேர்ந்த பிழையா, யாராவது வெட்டியதா? படங்கள் இணைத்திருக்கிறேன்.
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: முதலில் உங்கள் சமையலறைக்குப் போவோம், அம்மா. தீபாவளிக்குச் சோமாசி செய்யும்போது மாவை அகலமாகத் தேய்த்து, டபராவைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டுவீர்கள் அல்லவா? அவசரத்தில் டபரா முந்தைய ஓட்டையின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்துவிட்டால், அடுத்த வட்டத்தில் ஒரு பிறை குறையும். அதை மடித்துப் பூரணம் வைக்க முடியாது என்று என் மனைவி மாவோடு மாவாகத் திரும்பப் பிசைந்துவிடுவார். நாணயச்சாலையில் சில சமயம் பிசைய மறந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அங்கே மாவுக்குப் பதில் நீண்ட உலோகப் பட்டை. அது இயந்திரத்துக்குள் நகர்ந்துகொண்டே போக, மேலிருந்து வெட்டுளிகள் இறங்கி வட்ட வில்லைகளைத் துண்டித்துத் தள்ளும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பட்டை போதிய அளவு நகராவிட்டால், புதிய வட்டம் பழைய ஓட்டையைத் தொட்டுவிடும். சேகரிப்பவர்கள் இதைச் சுருக்கமாகக் 'கிளிப்' என்பார்கள். முழுப் பெயர் கிளிப்ட் பிளான்செட். பிளான்செட் என்பது அச்சடிக்கத் தயாராக இருக்கும் வில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடி விழும் நேரத்தில் அது இன்னும் காசே ஆகவில்லை. சிங்கம் இல்லை, கதிர் இல்லை, ஆண்டு இல்லை, வெறும் வில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வில்லையின் ஓரத்தை உருட்டி மேடாக்குகிறார்கள். அதற்கும் பிறகுதான் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள். உண்மையான கடி இந்த இரண்டு வேலைகளையும் பட்டு அனுபவித்திருக்கும். பட்டறையில் அரத்தால் உண்டாக்கிய கடிக்கு அந்த அனுபவம் இருக்காது. நாம் தேட வேண்டியது அந்தத் தழும்புகளைத்தான்.

முதல் தழும்பு, கடிக்கு நேர் எதிரே இருக்கும். உங்கள் காசில் கடி கடிகாரத்தின் 2 மணி இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆகவே 8 மணியைப் பாருங்கள். அங்கே விளிம்பு மேடு மங்கி, தட்டையாக, ஏறக்குறைய இல்லாததுபோல் தெரியும். காரணம் எளிது. ஓரத்தை மேடாக்க, வில்லையைச் சுழலும் சக்கரத்துக்கும் வளைந்த பள்ளத்துக்கும் நடுவே உருட்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கினால்தான் ஓரம் எழும்பும். கடிபட்ட பக்கம் பள்ளத்தின் அருகே வரும்போது அங்கே நெருக்க உலோகமே இல்லை; அதனால் எதிர்ப்பக்கமும் நெருக்குதலிலிருந்து தப்பிவிடுகிறது. கரும்புச்சாறு வண்டியில் மெலிந்த கரும்பை விட்டால் இரண்டு உருளைகளுக்கும் நடுவே நசுங்காமல் அப்படியே வெளியே வருமே, அந்தக் கதைதான். இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். காசின் இரண்டு முகங்களிலும் அதே இடத்தில் இது தெரிய வேண்டும்.

இரண்டாவது தழும்பு, கடியை ஒட்டி இருக்கும். அச்சு இறங்கும்போது உலோகம் குழைந்து ஓடும். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே ஓடும். கடி இருக்கும் பக்கம் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் உலோகம் அந்தப் பக்கம் சரிகிறது. அதனால் கடியை நெருங்கும் எழுத்துகள் இழுபட்டோ மங்கியோ இருக்கும். சில சமயம் எழுத்தின் கால் மீன்வால்போல் விரியும். விளிம்பு மேடும் கடியை நெருங்க நெருங்க ஒடுங்கி, மெலிந்து, கரைந்து முடியும். வெட்டிய காசில் அப்படி நடக்காது. முழுக் கனத்தில் வரும் விளிம்பு சட்டென்று நிற்கும். அரிவாள்மணையில் நறுக்கிய முள்ளங்கியின் தோல்போல, கடைசி நூல் வரை அதே தடிமன்.

மூன்றாவது சோதனைக்கு இன்னொரு ரூபாய் போதும். அதே அளவுள்ள நல்ல காசு ஒன்றை எடுத்து அதன் ஓரத்தைக் கடிக்குள் பொருத்திப் பாருங்கள். உங்களுடைய 25 மில்லிமீட்டர் எஃகு ரூபாய்க்கு அதே தலைமுறையின் இன்னொரு ரூபாய். கடித்தது பக்கத்து ரூபாயின் ஓட்டை; ஆகவே வளைவும் ஏறக்குறைய ரூபாயின் வளைவாகவே இருக்க வேண்டும். துளைப்பானாலோ உருண்டை அரத்தாலோ செய்த கடி பெரும்பாலும் இறுக்கமான சின்ன வளைவாகிவிடும். 'ஏறக்குறைய' என்று சொன்னதையும் மறக்காதீர்கள். அடிபட்டதில் வளைவு சற்று நெளிந்திருக்கலாம்.

கடைசியாக, கடித்த இடத்தின் சுவரை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெட்டுளி உலோகத்தில் பாதி தூரம் வழவழப்பாக இறங்கி, மிச்சத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே சுவரில் ஒரு பகுதி மழமழப்பாகவும் ஒரு பகுதி சொரசொரப்பாகவும் இருக்கலாம். ஆனால் நிறமும் மங்கலும் மற்ற இடங்களைப் போலவே இருக்கும். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அவை அரத்தின் கையெழுத்து.

எடைக்கு வருவோம். இந்த ரூபாயின் எடை 4.85 கிராம். உங்களுடையதில் 0.33 கிராம் குறைகிறது. கடியின் அளவுக்கு அது பொருந்துகிறது. ஆனால் இதைக் கடைசியில் சொல்கிறேன் என்பதிலேயே என் எண்ணம் புரிந்திருக்கும். உளி எடுத்தாலும் அரம் எடுத்தாலும் எடை ஒரே மாதிரிதான் குறையும். தராசு ஏதோ இல்லை என்று சொல்லும். எப்போது போனது என்று சொல்லாது.

உங்கள் படங்களில் 8 மணி இடத்தில் விளிம்பு இரண்டு முகங்களிலும் மங்கியிருக்கிறது; கடியருகே விளிம்பு கரைந்து முடிகிறது. என் கணிப்பில் அசல். நடத்துநருக்கு நன்றி சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள ஐம்பது காசில் சின்னக் கடி. எதிர்ப்பக்க விளிம்பு நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் போலி என்று முடிவு கட்டலாமா?
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: அவசரப்படாதீர்கள். எதிர்ப்பக்க மங்கல் இருந்தால் அது பலமான சாட்சி. இல்லாவிட்டால் ஒரு சாட்சி வரவில்லை, அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிடவில்லை. கடி மிகச் சிறியதாக இருந்தால் உருட்டும்போது நெருக்குதல் அதிகம் குறையாது. மங்கலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது எழுத்து இழுபட்டிருக்கிறதா, விளிம்பு கரைகிறதா, வளைவு பொருந்துகிறதா என்ற மற்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மூன்றில் இரண்டு கைவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

சதுர ஐந்து காசு, அறுகோண மூன்று காசு, இருபது காசு ஆகியவற்றுக்கு இந்த எதிர்ப்பக்கச் சோதனையை நான் பயன்படுத்துவதே இல்லை. உருட்டல் என்பது வட்டத்துக்கு உரிய சமாசாரம். சதுரம் உருளாது.

கேள்வி: எனக்குக் கிடைத்த காசில் பிறை இல்லை. ஒரு பக்கம் நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருக்கிறது. கத்திரியால் வெட்டியதாகத்தான் இருக்கும் என்கிறார் என் மாமா.
(கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்)

பதில்: மாமா சொல்வது பெரும்பாலான சமயம் சரியாக இருக்கும், தம்பி. ஆனால் நேர்க்கடியும் உண்டு. பட்டைக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதல்லவா? பட்டையின் கடைசி முனையிலோ பக்கவாட்டு ஓரத்திலோ வெட்டுளி கொஞ்சம் வெளியே தொங்கியபடி இறங்கினால், வில்லையின் ஒரு பக்கம் நேராகிவிடும். முனை ஒழுங்காகச் சீவப்படாத பட்டையாக இருந்தால் அந்தப் பக்கம் நேராகக்கூட இல்லாமல் கிழிந்த துணிபோல் ஒழுங்கற்று இருக்கும்.

கத்திரி வெட்டுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. வெட்டின் ஒரு முகத்தில் உலோகம் மெல்லிய உதடுபோல் மடிந்து நகத்தில் தட்டுப்படும். அச்சுக்குப் பிறகு வெட்டியதால் அதை நசுக்க யாரும் இல்லை. நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். அதோடு எதிர்ப்பக்க விளிம்பு, எழுத்தின் இழுபடல் என்று மேலே சொன்ன எல்லாம் நேர்க்கடிக்கும் பொருந்தும். முடிவை மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏமாந்ததே இல்லையா?
(வாசகர், நெய்வேலி)

பதில்: இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

2009-ஆம் ஆண்டு, புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய துணி, செருப்பு, கடிகாரம், பாத்திரம் என்று நடைபாதை முழுக்க விரித்திருப்பார்கள். அதன் நடுவே ஒருவர் கோணியில் காசுகளைப் பரப்பியிருந்தார். மாலை ஆறரை இருக்கும். தெருவிளக்கு இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. கும்பலில் ஓர் ஐம்பது காசு, நாடாளுமன்றக் கட்டடம் போட்டது, ஓரத்தில் அழகான பிறையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. முந்நூறு கேட்டார். நான் பேரம் பேசி நூற்றைம்பதுக்கு முடித்தேன். பேரத்தில் வென்ற பெருமையில் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அது அங்கேதான் இருந்தது.

வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். கள்ள நோட்டை விரல் நுனியிலேயே கண்டுபிடித்துப் பேர் வாங்கியவன். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டு, கடியை மெச்சிக்கொண்டே காசைத் திருப்பினேன். எதிரே விளிம்பு கோயில் மதில்போல் நிமிர்ந்து நின்றது. கடியின் இரு முனைகளும் ஊசிபோல் கூர்மை. கட்டடத்தின் தூண் ஒன்று பாதியில் அறுபட்டு, மிச்சப் பாதி ஒரு கீறல்கூட இல்லாமல் தெளிவாக இருந்தது. இன்னோர் ஐம்பது காசை எடுத்து வளைவில் வைத்தேன். உள்ளே போகவே இல்லை. யாரோ சின்ன உருண்டை அரம் ஒன்றால் பொறுமையாகச் செய்த வேலை. பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

என் மனைவி சோற்றைப் போட்டபடி சொன்னது இவ்வளவுதான்: "ஐம்பது காசுக்கு நூற்றைம்பது ரூபாய். அதிலும் முழுசாக இல்லை."

அந்தக் காசை நான் எறியவில்லை. 1996-இல் கவுண்டரில் எண்ணும்போது கிடைத்த அசல் கடிபட்ட இருபத்தைந்து காசுக்குப் பக்கத்திலேயே, அதே அட்டையில் வைத்திருக்கிறேன். யாராவது கற்றுக்கொள்ள வந்தால் இரண்டையும் கையில் கொடுத்து, கடியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எது அசல் என்று சொல்லச் சொல்வேன். மறைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கடி கண்ணில் பட்டால்தான் மயங்குகிறார்கள்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த 1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயில் ஓரம் இரண்டு இடங்களில் தேய்ந்து தட்டையாக இருக்கிறது. இதுவும் கிளிப் பிழையா?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: இல்லை. இது அதைவிடப் பழைய விஷயம். இதில் பிழை இல்லை, திருட்டுத்தான் உண்டு. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கும் மேல் வெள்ளி. ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு ரூபாயாகவே செலவழித்தால், சுரண்டியது லாபம். உலகம் முழுக்க இதைச் செய்திருக்கிறார்கள். ஐசக் நியூட்டன் 1696-இல் லண்டன் நாணயச்சாலையின் அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தபோது, ஓரம் சுரண்டப்பட்ட வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கி, புதிதாக அடிக்கும் வேலைதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. காசின் ஓரத்தில் பல்போல் வரிகள் போடுவதும் இந்தச் சுரண்டலைக் காட்டிக்கொடுக்கத்தான். உங்கள் ரூபாயில் தட்டையான இடங்களில் அந்த வரிகள் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது.

பாட்டியின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். நகைக்காகக் கொக்கி பற்றவைத்து, பிறகு அதை நீக்கித் தேய்த்துவிட்டதாகவும் இருக்கலாம். தட்டையான இடத்தில் வேறு நிறப் பற்றுப்பொடியின் தடம் தெரிகிறதா பாருங்கள்.

ஓரம் வெட்டுவதெல்லாம் திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் வெள்ளி முத்திரைக் காசுகளில் மூலைகள் வெட்டுப்பட்டிருக்கும். எடையைச் சரியாக்க அடித்தவர்களே வெட்டியது அது. வெட்டிவிட்டுத்தான் முத்திரை குத்தினார்களா, குத்திவிட்டு வெட்டினார்களா என்பதைக்கூடச் சில காசுகளில் முத்திரை அறுபட்டிருப்பதைக் கொண்டு சொல்லலாம். எனக்கு முத்திரைக் காசு வாங்கும் வசதி இருந்ததில்லை; அருங்காட்சியகக் கண்ணாடியில் மூக்கு ஒட்டிப் பார்த்ததோடு சரி.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புத் துட்டு நான்கு கிடைத்தன. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கிறது. நான்கும் வட்டமாக இல்லை. நான்குமே பிழைக் காசுகளா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: நான்கும் நல்ல காசுகள், ஐயா. பிரெஞ்சுக்காரர்கள் தூதூ என்று எழுதிய நம் துட்டு அது. அந்தக் காலத்துக் கையடிக் காசுகளில் வில்லை கோணலாக இருப்பதும், அச்சு ஒரு பக்கம் விழுந்து பாதி எழுத்து வெளியே போவதும் சாதாரணம். எல்லாமே கோணல் என்றால் கோணலைப் பிழை என்று எப்படிச் சொல்வது? பூவும் எழுத்தும் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கின்றன என்பதைத்தான் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்திருந்தேன்.

கேள்வி: ஓட்டைக் காலணாவில் ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிறது. இதுவும் நீங்கள் சொல்லும் வகைதானா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: பங்காளி வகை. 1943 முதல் 1947 வரை வந்த அந்த வெண்கலக் காலணாவில் ஓட்டையைச் சுற்றி ஒரு வளைய அலங்காரம் இருக்கும். அலங்காரம் நடுவில் சரியாக விழுந்து ஓட்டை மட்டும் நகர்ந்திருந்தால், துளையிடும்போது நேர்ந்த பிழை என்று கொள்ளலாம். ஓட்டை சரியான இடத்தில் இருந்து, ஒரு பக்கம் மட்டும் பெரிதாகியிருந்தால் அரைஞாண் கயிற்றில் கோத்துத் தேய்ந்ததாக இருக்கும். உள்சுவரின் நிறத்தைப் பாருங்கள். பழைய துளை காசைப்போலவே கறுத்திருக்கும். புதிதாக அரித்த இடம் இளஞ்சிவப்பாகப் பல்லைக் காட்டும்.

கேள்வி: ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருக்கும் காசில் கடி இருந்தால் மதிப்பு அதிகமாமே? கடி சிங்கத்தின் தலைக்கு மேலே இருந்தால் இன்னும் அதிகம் என்கிறார்கள்.
(வாசகி, சிதம்பரம்)

பதில்: நட்சத்திரம் ஹைதராபாத் நாணயச்சாலையின் குறி. வைர வடிவம் மும்பை, புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. பட்டை நகரத் தவறுவது எந்த ஊரிலும் நடக்கும். கடி சிங்கத்தின் தலையில் விழுந்ததா காலில் விழுந்ததா என்பதும் தற்செயல்தான். வட்ட வில்லை அச்சுக்குள் எந்தப் பக்கமாகவும் போய் விழும். பெரிய கடி, இரட்டைக் கடி ஆகியவற்றுக்குச் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்பது உண்மை.

கேள்வி: கடிபட்ட ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாக வீடியோ வந்தது. பதிவுக் கட்டணமாக மூவாயிரம் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
(வாசகர், பாகூர்)

பதில்: அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே பழைய நாணயங்களுக்குக் கமிஷன், கட்டணம், வரி என்று கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. விற்க நினைக்கும் உங்களிடமே ஒருவர் பணம் கேட்டால், அவர் வாங்க வந்தவர் இல்லை.

உண்மையான விலை கடியின் அளவையும் காசின் நிலையையும் வாங்குகிறவரின் ஆசையையும் பொறுத்தது. லட்சங்களை மறந்துவிடுங்கள். இன்னொன்று: சிலர் விலையேற்றுவதற்காகக் காசை வெட்டுகிறார்கள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை அழிப்பதும் உருக்குவதும் குற்றம். அதே ஆண்டு ஜூன் 30 முதல் இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாதவை ஆகிவிட்டன. ஐம்பது காசு இன்றும் செல்லும். என் நூற்றைம்பது ரூபாய் ஐம்பது காசை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

கேள்வி: எனக்கு ஒரு கடிபட்ட காசு வேண்டும். எங்கே தேடுவது?
(ஏழாம் வகுப்பு மாணவன், தேவனாம்பட்டினம்)

பதில்: கடையில் வாங்காதே, தம்பி. உன் வீட்டு உண்டியலை உடைக்காமல் கவிழ்த்து எண்ணு. மளிகைக் கடைத் தாத்தாவிடம் கேட்டுக் கல்லாப்பெட்டிச் சில்லறையைச் சாயங்காலம் எண்ணிக் கொடு; அவருக்கும் உதவி. காசுகளைத் தட்டாக அடுக்கிப் பக்கவாட்டில் பார். கடி உள்ள காசு அடுக்கில் ஒரு பள்ளமாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. கவுண்டரில் நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசை மட்டும் எனக்கு அனுப்பாதே. உன் வயதில் நானும் முதுநகர் ரயில் நிலையத்தருகே அதைச் செய்து அப்பாவிடம் வாங்கியிருக்கிறேன்.

படங்கள் அனுப்பியிருந்த மற்றவர்களுக்கு: பதினொரு பேர் கடித்த இடத்தை மட்டும் மிக நெருக்கமாக, மிக அழகாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. காசை வெள்ளைத் தாளில் வைத்து, இரண்டு முகங்களையும் முழுதாக எடுங்கள். பிறகு கடிக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைத் தனியாக ஒரு படம். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், பிளாஷ் வேண்டாம். அடுத்த இதழுக்குள் வந்தால் பதில் எழுதுகிறேன்.